மின்துடிப்பும் கடற்கரை மணலும்

கடற்கரையில் உலாவுவோர் கைவிரல் மோதிரத்தை நழுவவிட்டு, மணலை அளைந்து அளைந்து தேடிக் களைத்துப்போதல் எந்நாட்டிலும் காணப்படுவதொன்றாம். கண்ணெதிரே விழுந்த பொருளேயாயினும், அலையொன்று வந்து மூடிச் சென்றபின் அதனைக் கண்டெடுத்தல் அரிதினும் அரிது. இவ்வாறு மறைந்த பொருள்களைக் காணுதற்கு இக்காலத்தில் வழங்குங் கருவிகளுள் கடலோரத்திற்கு மிகவும் ஏற்றது மின்துடிப்புக் கருவியாகும். ஆங்கிலத்தில் இதனைப் பல்ஸ் இன்டக்ஷன் மெட்டல் டிடெக்டர் என்பர். அது தொழிற்படுமாறும், அதனைக் கையாளுமாறும், அதனால் ஆகாதது இன்னதென்பதும் ஈண்டுச் சுருக்கமாகக் கூறப்படும்.

தத்துவம்

ஒரு கம்பிச் சுருளின் அருகே காந்த சக்தி மாறுபடுமாயின், அக்கம்பியில் மின்னோட்டம் பிறக்கும் என்பதை மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி 1831-ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். கம்பிக்கு மாத்திரமன்று, காசு, மோதிரம், ஆணி முதலிய எவ்வுலோகத் துண்டிற்கும் இவ்விதி பொருந்தும். அவற்றினுள் எழும் மின்னோட்டம் நீர்ச்சுழல்போல் வட்டமிட்டு ஓடுதலின் சுழல் மின்னோட்டம் எனப்படும். அஃது ஓடுங்கால் தானும் ஒரு சிறு காந்த மண்டலத்தை உண்டாக்கும். அச்சிறு மண்டலத்தை உணர்வதே உலோகங் காட்டுங் கருவிகள் அனைத்தின் தொழிலாம்.

இத்தத்துவத்தை முதன்முதல் மனித உயிரைக் காக்கும் பொருட்டுக் கையாள முயன்றவருள் ஒருவர், டெலிபோனுக்குப் பேர்பெற்ற அலெக்சாந்தர் கிரஹாம் பெல் ஆவார். 1881-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டு சுடப்பட்டார். உடலுள் தங்கிய குண்டைக் காணப் பெல் தமது கருவியுடன் வந்தார். ஆனால் நோயாளி படுத்திருந்த மெத்தையில் எஃகுச் சுருள்கள் இருந்தன. கருவி அவற்றையும் அறிவித்தது. வைத்தியர்கள் வலப்பக்கத்தையே ஆராயச் செய்தனர். குண்டோ இடப்பக்கத்திற் கிடந்ததென்பது, அவர் செப்டம்பர் மாதத்தில் இறந்தபின்னரே தெரியலாயிற்று. கருவி பொய் சொல்லவில்லை. அதனைச் சூழ்ந்தவை அதன் சொல்லை மறைத்துவிட்டன. கடற்கரையிலும் நேரும் இடர் இத்தகையதே.

உப்புநீரின் இடர்

சாதாரணக் கருவிகள் இடைவிடாது மாறி மாறி ஓடும் மின்னோட்டத்தைச் சுருளிற் செலுத்திக்கொண்டே, அதே சமயத்தில் மறுமொழியையும் கேட்பன. உலர்ந்த நிலத்தில் இதனால் தீங்கில்லை. ஆனால் உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துமாதலின் ஈரமணலே உலோகம்போல் மறுமொழி கூறத் தொடங்கும். கருமணலில் காந்தக் கல்லின் துகள்கள் கலந்திருப்பின் அவையும் உடன்சேர்ந்து கூச்சலிடும். இவ்வாரவாரத்தில் ஒரு சிறு காசின் குரல் எவ்வாறு கேட்கும்?

மின்துடிப்புக் கருவி இவ்விடரை நீக்கும் வழி எளிது, ஆயினும் வியக்கத்தக்கது. அது பேசும்பொழுது கேளாது; கேட்கும்பொழுது பேசாது. வெண்கலக் கிண்ணத்தையும் மண்கலயத்தையும் ஒருங்கே தட்டினால், தட்டிய கணத்தில் இரண்டும் ஓசையிடும். சிறிது பொறுத்துச் செவிகொடுப்பின், மண்கலயத்தின் ஓசை அடங்கியிருக்கும். வெண்கலத்தின் ஓசையோ நின்று ஒலிக்கும். இக்கருவி செய்வதும் இதுவே. மின்கலத்திலிருந்து ஒரு துடிப்பு சுருளிற் பாய்கின்றது; உடனே அது துண்டிக்கப்படுகின்றது. ஒரு விநாடியைப் பத்து லட்சங் கூறாக்கினால் அவற்றுள் ஒன்று மைக்ரோ விநாடி எனப்படும். துண்டித்தபின் ஏறக்குறைய 10 அல்லது 15 மைக்ரோ விநாடி கருவி வாளாவிருந்து, அதன்பின்னரே செவி திறக்கின்றது. ஒரு விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை, சில கருவிகளில் ஆயிரக்கணக்கான முறை, இச்செய்கை நிகழும். மறுமொழிகள் யாவும் தொகுக்கப்பட்டு ஓசையாக நம் காதுக்கு எட்டுகின்றன.

கடல்நீரின் மின்கடத்துந் திறன் செம்பின் திறனில் ஒரு கோடியில் ஒரு பங்கினுங் குறைவு. ஆதலின் அதனுள் எழும் சுழல் மின்னோட்டம் அக்குறுகிய காத்திருப்பிலேயே அவிந்துபோகும். காந்தக் கல்லின் துகள்களும் துடிப்பு நின்றவுடன் பெரும்பாலும் அடங்கிவிடும். தடித்த வெள்ளிக் காசிலோ மின்னோட்டம் நெடும்பொழுது சுழன்று நிற்கும். எனவே உப்பும் கருமணலும் ஓய்ந்த மௌனத்தில் காசின் குரல் தனித்துக் கேட்கின்றது.

கருவியின் குறைகள்

எனினும் இதற்குக் குறைகள் உள. முதலாவது, மெல்லிய பொற்சங்கிலியிலும் சிறு தோட்டிலும் சுழலும் மின்னோட்டம் உப்புநீரைப் போலவே விரைவில் அவிந்துவிடும். அவற்றைக் கேட்கும் பொருட்டுக் காத்திருக்கும் நேரத்தைக் குறைப்போமாயின், உப்பின் கூச்சலும் உடன் திரும்பிவரும். இரண்டாவது, ஆழம் மிகுந்தோறும் மறுமொழி மிக விரைவாகக் குன்றும். சிறு பொருளொன்று சுருளின் அளவைக் கடந்த தொலைவில் இருக்குங்கால், அத்தொலைவு இருமடங்கானால் மறுமொழி 64-இல் ஒரு பங்காகும். ஆகவே விளம்பரங்கள் எவ்வளவு கூறினும், காசொன்றைக் காணும் ஆழம் பெரும்பாலும் ஓரடியை ஒட்டியதேயாம். மூன்றாவதும் தலையாயதுமான குறை யாதெனின், இக்கருவி பொன்னையும் இரும்பையும் நம்பத்தக்கவாறு பிரித்துக் காட்டாது. துருப்பிடித்த ஆணியும், தலைக்குத்தும் கொண்டை ஊசியும், மணமோதிரமும் அதற்கு ஒருநிகரே. ‘ஈண்டு உலோகம் உளது’ என்பதற்குமேல் அது யாதும் சொல்லாது. எஞ்சியதனைத்தும் தேடுவானின் பொறுமையால் முடிய வேண்டுவதே.

கையாளும் முறை

நீர் வற்றுங் காலமே தேடுதற்குரிய காலம். புயலுக்குப்பின் மேல்மணல் அரித்துச் செல்லப்பட்ட இடங்களும், கனத்த பொருள்கள் வந்து தங்கும் பள்ளங்களும் சிறந்தன. எஃகு பதித்த காலணியையும், கையிலணிந்த கடிகாரத்தையும் முன்னரே நீக்குக. சுருளைத் தரைக்கு இணையாகத் தாழப் பிடித்து மெல்ல வீசுக. ஒவ்வொரு வீச்சும் முன்னைய வீச்சின் ஒரு பாதியை மூடுமாறு அமைக. ஓசை எழுந்தவிடத்தில் குறுக்கும் நெடுக்குமாக வீசி, ஓசை உரத்திருக்கும் மையத்தைக் குறித்துக்கொள்க. துளையுடைய அகப்பையால் மணலை வாரி அலசுக. ஆணியே வந்ததெனினும் அதனைத் திரும்ப எறிதல் கூடாது. அது பிறர் காலிற் குத்துமன்றோ? தோண்டிய குழியைத் தவறாது மூடுக. குண்டு போன்றதொன்று தென்படின் தொடாது விலகி நின்று போலீசாருக்கு அறிவித்தல் வேண்டும். போர் நடந்த கரைகளில் இத்தகையன இன்றுங் கிடைக்கின்றன. வீடு திரும்பியபின் சுருளை நன்னீராற் கழுவுக.

கண்டெடுத்தது யாருடையது?

தேடுவோர் நாடிச் செல்லுங் கரைகளுள் பேர்பெற்றது, அமெரிக்காவைச் சேர்ந்த பிளாரிடாவின் கீழ்க்கரையாகும். ஹவானாவினின்று பொன்னும் வெள்ளியும் ஏற்றி ஸ்பெயினுக்குப் புறப்பட்ட கப்பற்கூட்டமொன்று 1715-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி அக்கரையருகே புயலில் சிக்கியது. பதினொரு கப்பல்கள் அழிந்தன. ஆயிரம் பேரளவில் மாண்டனர். ஏறக்குறைய 240 ஆண்டுகட்குப்பின், கிப் வாக்னர் என்பவர் கரையிற் கிடைத்த காசுகளைக் கண்டு ஊக்கமுற்று, இரண்டாம் உலகப்போருக்குப்பின் உபரியாக விற்கப்பட்ட கண்ணிவெடி காட்டுங் கருவியொன்றைக் கொண்டு தேடினார். அது மின்துடிப்புக் கருவியன்று. ஆயினும் அதனைக் கொண்டே மூழ்கிய கப்பல்கள் கிடந்தவிடத்திற்கு வழிகண்டார். இன்றும் புயல் ஓய்ந்தபின் மின்துடிப்புக் கருவிகளை ஏந்தியோர் அக்கரையில் நடந்து செல்வதைக் காணலாம்.

அக்கரையே மற்றொரு பாடத்தையும் புகட்டுகின்றது. அங்குக் கடலடியிற் கிடக்கும் பழம்பொருளை அனுமதியின்றி எடுத்தல் சட்டத்திற்கு விரோதம். 2015-ஆம் ஆண்டில் அனுமதி பெற்ற குழுவொன்று 101 பொற்காசுகளைக் கண்டெடுத்தது. அவற்றுள் 51 மாத்திரமே கணக்கிற் காட்டப்பட்டன. 50 மறைக்கப்பட்டன என்றும், அவற்றுள் 37 மீட்கப்பட்டன என்றும் 2024-ஆம் ஆண்டில் அந்நாட்டு அதிகாரிகள் வெளியிட்டனர். கடல் முந்நூறு ஆண்டு காத்துக் கொடுத்ததை மனிதர் ஒன்பது ஆண்டு ஒளித்துவைத்தனர்! பழங்காசு வெறும் பொன்னன்று. எவ்விடத்தில், எவ்வாழத்தில், எதனோடு கிடந்ததென்னுங் குறிப்போடு சேர்ந்தவழியே அது சரித்திரமாகும். அக்குறிப்பின்றி மறைத்து விற்கப்படின் எஞ்சுவது பொன்னின் எடையேயாம். நம் நாட்டிலும் 1878-ஆம் ஆண்டின் புதையற் சட்டம், நிலத்துள் மறைந்து கிடந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டவர் கலெக்டருக்கு அறிவித்தல் வேண்டுமென விதிக்கின்றது.

நேற்று ஒருவர் இழந்த மோதிரமாயின் அறம் இன்னும் எளிது: உடையவரைத் தேடிச் சேர்ப்பித்தலே அது. மோதிரத்தின் உட்புறத்தில் பொறித்த பெயரோ நாளோ அதற்கு வழிகாட்டுதல் உண்டு.

ஆகவே, மாணவ நண்பர்காள்! இக்கருவியினிடம் நாம் கற்கத்தக்கது ஒன்றுண்டு. அதற்கு நாம் கொடுக்கவேண்டுவதும் ஒன்றுண்டு. ஆரவாரம் அடங்கும்வரை காத்திருந்து, பின்னரே செவிகொடுத்தலை அதனிடம் கற்கலாம். ஆயினும், கிடைத்தது பொன்னோ இரும்போ என்று அது பகுத்துச் சொல்லாதவாறே, அது தன்னுடையதோ பிறருடையதோ என்பதையும் சொல்லாது. அவ்விரண்டாவது பகுத்தறிவைக் கருவியை ஏந்துவோனே உடன்கொண்டு செல்லல் வேண்டும்.