வெயிலில் வைத்த கடலை எண்ணெய்

கேள்வி: செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளிய விடுகிறோம். வெயில் எதற்கு? அப்படியும் லேசாகக் கலங்கல் நிற்கிறதே?
– வாசகி, அரூர், தருமபுரி மாவட்டம்

பதில்: கலங்கலாகத் தெரிவது கடலைத் தூள். துகளின் விட்டம் பாதியானால் அது இறங்கும் வேகம் கால்வாசியாகிவிடும். 1851-இல் இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் வகுத்த விதி இது. ஆக, பெருந்தூள் சீக்கிரம் அடியில் படியும். நுண்தூள் நாள்கணக்கில் இழுத்தடிக்கும். வெயிலில் எண்ணெய் இளகும். 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடேறினால் அதன் பிசுபிசுப்பு ஏறக்குறைய பாதியாகும். தூள் இரட்டிப்பு வேகத்தில் இறங்கும். செக்குக்காரர்கள் ஸ்டோக்ஸைப் படித்தா வெயிலில் வைத்தார்கள்! மைக்ரானுக்கும் சிறிய துகளை எண்ணெயின் மூலக்கூறுகளே இடித்து இடித்து மிதக்க வைக்கும். அந்தக் கலங்கலால் கெடுதல் இல்லை. வெயிலில் அதிக நாள் விட்டால்தான் சிக்கு வாடை வரும். பாத்திரத்தை ஆட்டாமல் தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். அடிமண்டியில் பலகாரம் சுடாதீர்கள், கருகும்.