ஈராண்டுத் தங்கலுக்குச் சொந்த வீடா?

ஈராண்டுப் பணிக்காகச் சென்னைக்கு வரும் சகோதரர்கள் சிலர், "வாடகை வீண்தானே, ஒரு வீட்டை வாங்கிவிட்டால் என்ன?" என்று நம்மிடம் கேட்கிறார்கள். வட்டிக் கடனில்தான் என்றால் பேச்சுக்கே இடமில்லை, அது ஹராம். கைப்பணத்தில் வாங்குவது ஆகும். ஆனால் 40 லட்ச ரூபாய் வீட்டுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம், அதாவது 3,60,000 ரூபாய் போய்விடும். மாதம் 15,000 வீதம் ஈராண்டு வாடகையும் அவ்வளவுதான்!

நிய்யத்தும் தெளிவாக இருக்கவேண்டும். குடியிருக்க வாங்கிய வீட்டுக்கு ஜகாத் இல்லை. விற்று லாபம் பார்க்கவென்றே வாங்கினால் அது வியாபாரச் சரக்கு. ஆண்டுதோறும் அன்றைய விலைக்கு 2½ சதவீதம் ஜகாத் கடமையாகும்.

இவ்வளவு சங்கடம் எதற்கு என்று பலர் ஒத்திக்குப் போகிறார்கள். சென்னையில் இதற்கு லீஸ் என்று பெயர். சில லட்சங்களைக் கொடுத்துவிட்டு வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது முழுத் தொகையையும் திரும்ப வாங்கிக்கொள்வது. பெயர் எதுவானாலும் கொடுத்தது கடன். வாடகையில்லாக் குடியிருப்பு அக்கடனால் கிடைத்த ஆதாயம். உலமாக்களில் பெரும்பாலோர் இதை வட்டி என்றே கூறுகின்றனர். வீட்டுக்காரர் மனமொப்பினார் என்பதால் அது மாறிவிடாது. அந்தப் பணத்தில் சிறு பகுதியை மட்டும் முன்பணமாகக் கொடுத்து, அத்தெருவில் வழங்கும் வாடகையை மாதாமாதம் செலுத்தித் தங்கலாம்.