சொந்த ஊரா, பிறந்த ஊரா?

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறேன். ஷிப்டு முடிந்த நேரத்தில் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுவேன். ரஜினிகாந்தின் ஊர் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து நாச்சிக்குப்பம். 'பிறந்த இடம்' என்ற கட்டத்தில் அதை எழுதி, ஒரு செய்தித் தளத்தின் இணைப்பையும் கொடுத்தேன். மூன்று முறையும் யாரோ பெங்களூரு என்று மாற்றிவிட்டார். கூட வேலை செய்யும் கன்னட நண்பர் சிரிக்கிறார். என் மேல் என்ன தப்பு, ஐயா?

– வாசகர், ஓசூர்

பதில்: தகவல் சரி, எழுதிய கட்டம்தான் தப்பு. ரஜினிகாந்த் 1950 டிசம்பர் 12 அன்று பெங்களூரில் பிறந்தவர். நாச்சிக்குப்பம் அவர் குடும்பத்தின் பூர்வீகம். நம் பேச்சில் 'சொந்த ஊர்' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் போதும். உங்கள் தெருவிலேயே பாருங்கள்: பிரசவம் பெங்களூர் ஆஸ்பத்திரியில் நடந்திருக்கும், பிள்ளையிடம் ஊர் கேட்டால் தேன்கனிக்கோட்டை என்று சொல்லும். அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கட்டம் கேட்பது பிறந்த இடத்தை மட்டும்தான்.

2017 மே மாதம் சென்னையில் ரசிகர்களைச் சந்தித்தபோது, தன் முன்னோரும் பெற்றோரும் கிருஷ்ணகிரிக்காரர்கள் என்று அவரே பேசினார். மறுநாள் நாளிதழ்களில் வந்த செய்தியைத் தேடி எடுத்து, குடும்பம் பற்றிய பத்தியில் நாச்சிக்குப்பத்தைச் சேருங்கள். நியாயமாக யாரும் அதில் கைவைக்க முடியாது.

நீங்கள் காட்டிய இணைப்பில் எனக்கு ஒரு சந்தேகம். அந்தச் செய்தி வந்த தேதி உங்கள் திருத்தத்துக்கு முன்பா, பின்பா? பின்பு என்றால், அவர்கள் உங்கள் வரியையே பார்த்து எழுதியிருக்கலாம். அப்புறம் உங்கள் வார்த்தைக்கு நீங்களே சாட்சி என்றாகிவிடும். பக்கத்தின் வரலாற்றைத் திறந்து இரண்டு தேதிகளையும் ஒப்பிடுங்கள். விருதுகளிலும் இதே கவனம் வேண்டும்: அவருக்குத் தாதாசாகேப் பால்கே விருது 2019ஆம் ஆண்டுக்கானது, ஆனால் அறிவித்ததும் வழங்கியதும் 2021இல். ஒரே ஆண்டை மட்டும் எழுதினால் படிப்பவர் குழம்புவார்.

ஊர்ப் பெயருக்கா இத்தனை கெடுபிடி என்று தோன்றலாம். 2005இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைக் கென்னடி கொலையோடு முடிச்சுப் போட்ட பொய் மாதக்கணக்கில் கிடந்தது. வாழும் மனிதரைப் பற்றி ஆதாரமில்லாமல் அவதூறு இருந்தால், விவாதத்துக்குக் காத்திராமல் நீக்கு என்ற விதி அதன் பிறகுதான் உறுதிப்பட்டது. நம் ஊரிலும் நடந்தது. 2013 ஜூலையில் நடிகை கனகா இறந்துவிட்டதாகச் செய்தி பரவ, அவரே செய்தியாளர்கள் முன் வந்து உயிரோடிருப்பதைச் சொல்ல வேண்டியிருந்தது. நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

நான்காம் முறை மாற்றாதீர்கள். உரையாடல் பக்கத்தில் ஆதாரத்தை வைத்துப் பேசுங்கள். சிரிக்கிற நண்பரையும் கூட்டிக்கொள்ளுங்கள். ரஜினி பெங்களூரில் பஸ் கண்டக்டராக இருந்த நாட்களைப் பற்றிக் கன்னடப் பத்திரிகைகளில் வந்ததை அவர் படித்துச் சொன்னால், அந்தப் பத்தியும் பலப்படும்.