முதலையின் எலும்பு நோய் புகட்டும் பாடம்

பட்டு நெசவில் புகழ்பெற்ற ஆரணியைக் கொண்ட திருவண்ணாமலை மாவட்டத்தில், சாத்தனூர் அணையருகே முதலைப் பண்ணை ஒன்று உண்டு. முதலை வளர்ப்பில் நாம் அறியவேண்டிய உண்மை ஒன்றுளது.

அடைத்து வளர்க்கும் குஞ்சுகளுக்கு எலும்பு நீக்கிய இறைச்சியையே இட்டுவந்தால் சுண்ணாம்புச் சத்து குன்றும், தாடை ரப்பர்போல் வளையும், முதுகெலும்பு கோணும். உடலில் நீர் வற்றினால் யூரிக் அமிலம் மூட்டுகளில் படிந்து வீக்கம் காணும். ஆற்று முதலையோ இரையை எலும்போடு விழுங்குவதால் எலும்பு மெலிவு அதனை அரிதாகவே அணுகுகிறது. பண்ணையில் மீனை முள்ளோடு முழுதாக இடுவதே தடுப்பு முறை.

அடைபட்ட உயிர் தன் குறையைத் தானே தீர்த்துக்கொள்ள இயலாது. நம் கொட்டிலுக்கும் இது பொருந்தும். முட்டையிடும் கோழிக்குக் கிளிஞ்சல் தூளும், கறவைப் பசுவுக்குத் தாது உப்புக் கலவையும், இரண்டுக்கும் தூய நீரும் குறைவற அளிப்போமாக. ஊராட்சி உறுப்பினர்கள் இதனைக் கிராம சபையில் எடுத்துரைத்தல் வேண்டும்.