மேட்டில் வண்டி, மேலே வெயில் இல்லை

போடிமெட்டுப் பக்கம் வேனில் தங்கப் போகிறீர்களா? சோலார் பேனலை வாங்கும் முன் மின்செலவைக் கூட்டிப் பாருங்கள். சின்ன 12 வோல்ட் ஃபிரிட்ஜ் நாளுக்குச் சுமார் 30 ஆம்பியர்-அவர் இழுக்கும். விளக்கு, மின்விசிறி, போன் சார்ஜுக்கு இன்னொரு 10. ஆக 40.

100 ஆம்பியர்-அவர் லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். அதாவது ஒரு நாள் ஓடும். அதே அளவு லித்தியம் (எல்.எஃப்.பி.) என்றால் 80 வரை எடுக்கலாம், இரண்டு நாள். விலை கூடுதல்தான், ஆனாலும் என் ஓட்டு இதற்கே.

அடிவாரத்தில் போடி வெயிலில் 100 வாட் பேனல் ஒரு நாளில் 28 ஆம்பியர்-அவர் போலத் தரும். அதனால் 200 வாட் தாராளம் என்று தோன்றும். மேலே ஏறினால் கதை வேறு. அங்கே விளையும் ஏலம் நிழல் கேட்கும் பயிர்; தோட்டமெங்கும் மரக்கூரை, போதாக்குறைக்கு மஞ்சு. மழைக்காலத்தில் கால்வாசி கிடைத்தாலே அதிகம். கூரையில் பதிக்காமல், தடித்த ஒயரோடு வெட்டவெளியில் விரிக்கும் மடக்குப் பேனலே அங்கே உதவும்.

பேனலைப் பெரிதாக்குவதைவிட, வண்டி ஓடும்போதே பேட்டரியை நிரப்பும் 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் நல்லது. போடியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் ஒரு மணி நேரத்தில் எஞ்சினே அரைநாள் செலவை நிரப்பிவிடும். பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் கட்டாயம்.