பாவித்த கைத்தொலைபேசியும் மாற்றுப் பற்றரியும்

வெள்ளாமைக் காசு கையில் வந்ததும் கல்முனைக் கடைகளில் பாவித்த கைத்தொலைபேசி தேடுவோர் உங்களில் பலர். 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபின் புதியதன் விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. இடம்பெயர்ந்து வாழ்வோருக்குக் கட்டாரிலுள்ள மகனோடு பேச இதுவே வழி. வெட்கப்பட எதுவுமில்லை.

பழைய போனில் முதலில் தளர்வது பற்றரி. லித்தியம் பற்றரி ஏறத்தாழ 500 முறை முழுதாக ஏறி இறங்கினால் அதன் கொள்ளளவில் ஐந்திலொரு பங்கு குறைந்துவிடும். பாவிக்காமல் பெட்டியில் கிடந்தாலும் மூப்படையும், விதைநெல்லும் அப்படித்தானே! ஆகவே ‘ஒரிஜினல்’ என்ற சொல்லுக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள். உற்பத்தி நின்றுபோன போனின் கம்பனிப் பற்றரியைவிட, வேறொருவர் அண்மையில் செய்தது நன்றாக உழைக்கக்கூடும். செய்த திகதியைக் கேளுங்கள். அதே பருமனில் இருமடங்கு கொள்ளளவு என்று அச்சிட்டிருந்தால் நம்பவேண்டாம்.

கடையிலேயே அரைமணி நேரம் சார்ஜ் ஏற்றிப் பாருங்கள். கை பொறுக்காத சூடு, மேலெழும்பிய திரை, மேசையில் வைத்தால் ஆடும் முதுகு ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். வீங்கிய பற்றரியைக் குத்தவோ குப்பையோடு எரிக்கவோ கூடாது; தீப்பற்றும். பெரிய கம்பனியும் தவறும்: 2016இல் சாம்சங், பற்றரிக் கோளாறினால் தன் நோட் 7 போன்களை உலகெங்கும் மீளப்பெற்றது.

*#06# அழுத்தினால் தோன்றும் 15 இலக்க எண்ணையும், பற்றரிக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்பதையும் பற்றுச்சீட்டில் எழுதுவித்து வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பித் திரும்பிப் போனால், முதலாளிக்கு நினைவிருக்காது. பஸ் காசு வேறு.