அணுத் தூசியும் கரிசல் மண்ணும்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

போர் என்பது எல்லைப்புறத்தில் நடப்பது; அதன் செய்தி மட்டுமே நம்மை வந்து சேரும் என்ற எண்ணத்தில்தான் கரிசல் காட்டு மக்களாகிய நாம் காலங்காலமாக இருந்து வருகிறோம். 2025ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அந்த எண்ணம் எங்கள் வீட்டில் சற்றே ஆட்டங்கண்டது. விடியற்காலையில் ‘ஆபரேஷன் சிந்தூர்’ தாக்குதல் பற்றிய செய்தி வந்தது. அன்றே நாடெங்கும் 244 சிவில் பாதுகாப்பு மாவட்டங்களில் ஒத்திகை நடத்த மத்திய உள்துறை அமைச்சகம் ஏற்பாடு செய்திருந்தது. சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் நடந்த ஒத்திகையைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த என் ஆச்சி, “ஏலே, அணுகுண்டு போட்டுட்டான்னா நம்ம எங்கிட்டுப் போயி ஒளியறது?” என்று கேட்டார். இயற்பியல் படிக்கிற பேரனுக்குத் தெரியாமலா இருக்கும் என்பது அவர் எண்ணம். எனக்கோ ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. நூலகத்தையும் ஓர் அளவு நாடாவையும் துணைக்கொண்டு அந்தக் கேள்விக்கு நான் தேடிய விடையே இக்கட்டுரை.

நம் நாட்டில் இதற்கென்று ஒரு சட்டமே இருக்கிறது. 1962இல் சீனப் போரும் 1965இல் பாகிஸ்தான் போரும் கற்பித்த பாடத்தின் பின் 1968இல் சிவில் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பகைவர் தாக்குதலினின்று மக்களையும் உடைமைகளையும் காப்பதற்காக, நேரடிப் போர் அல்லாத வகையில் எடுக்கப்படும் நடவடிக்கைகள் எல்லாம் இதில் அடங்கும். வார்டன்கள், தீயணைப்பு, மீட்பு, செய்தித் தொடர்பு எனப் பன்னிரண்டு பணிப் பிரிவுகள் உண்டு. இறந்தோர் உடலை அகற்றுவதற்கென்றே ஒரு பிரிவு இருப்பதைப் படித்தபோது, திட்டம் தீட்டியவர்கள் எதையும் மறைக்கவில்லை என்று தோன்றியது. நாகபுரியில் இதற்கெனத் தேசியக் கல்லூரி ஒன்று நிறுவப்பட்டது. சங்கு இரண்டு நிமிடம் ஏறி இறங்கி ஊதினால் அபாயம், இரண்டு நிமிடம் ஒரே சீராக ஊதினால் அபாயம் நீங்கிற்று என்பது விதி. எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குச் சங்கு என்றால் மில் சங்குதான். ஏறி இறங்கி ஊதினால் சங்கில் ஏதோ பழுது என்றே நினைப்பார்கள்.

பழைய காலப் பாதுகாப்பு எளிமையானது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியபோது, அடுத்தது சென்னைதான் என்று அஞ்சி நகர மக்கள் பெருந்திரளாக வெளியேறினர். எங்கே சென்றார்கள்? சொந்தக் கிராமங்களுக்குத்தான். குண்டு நகரத்தில் விழும், கிராமம் தப்பும் என்பது அன்றைய கணக்கு. அணுகுண்டு அந்தக் கணக்கை அழித்துவிட்டது. அழித்தது வெடிப்பு அன்று, தூசி.

அணுகுண்டு தரைக்கு அருகில் வெடித்தால், மண்ணும் கல்லும் ஆவியாகி மேலே எழும்புகின்றன. அணுப் பிளவில் உண்டான கதிரியக்கப் பொருள்கள் அவற்றோடு ஒட்டிக்கொள்கின்றன. காற்று போகும் திசையெல்லாம் சென்று அவை தூசியாகவும் சாம்பலாகவும் விழுகின்றன. 1954 மார்ச் 1ஆம் நாள் பசிபிக் கடலில் பிகினி தீவில் அமெரிக்கா 15 மெகாடன் குண்டு ஒன்றைச் சோதித்தது. அங்கிருந்து ஏறத்தாழ 130 கி.மீ. தொலைவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகின் மேல் வெண்சாம்பல் பொழிந்தது. படகில் இருந்த 23 பேரும் நோயுற்றனர். குபோயாமா என்பவர் அதே ஆண்டு செப்டம்பரில் மாண்டார். 130 கி.மீ. என்பது கோவில்பட்டியிலிருந்து நாகர்கோவில் வரையுள்ள தூரம் என்று எண்ணிப் பார்த்தால் அதன் பொருள் விளங்கும். அந்நிகழ்ச்சிக்குப் பின் 1954 ஏப்ரலிலேயே நேரு சோதனைகளை நிறுத்திவைக்கும்படி உலகைக் கேட்டார். 1962இல் மூதறிஞர் ராஜாஜி தமது எண்பத்து மூன்றாம் வயதில் அமெரிக்கா சென்று, கென்னடியை நேரில் சந்தித்து அதே வேண்டுகோளை வைத்தார். ஒளியும் இடத்தைத் தேடுவதினும் இந்த வழியே மேல் என்பது என் கருத்து. ஆயினும் ஆச்சி கேட்டது ஒளியும் இடத்தைத்தான்.

ஏழும் பத்தும்

குண்டு விழுந்த இடத்தில் இருப்பவர்களுக்கு இக்கட்டுரை உதவாது. வெடிப்பும் அனலும் அங்கே எதையும் விட்டுவைப்பதில்லை. தொலைவில் இருந்து, காற்று கொண்டுவரும் தூசிக்கு மட்டும் அஞ்ச வேண்டியவர்களுக்கே இனி வரும் கணக்கு.

நல்ல செய்தி ஒன்று உண்டு. குண்டின் தூசியில் உள்ள கதிரியக்கம் விரைவாகத் தணிகிறது. காலம் ஏழு மடங்கானால் கதிர்ப்பு பத்தில் ஒரு பங்காகும் என்பது நினைவில் வைக்கத்தக்க விதி. வெடித்து ஒரு மணி நேரத்தில் ஓரிடத்தில் கதிர்ப்பு 1000 அலகு என்று கொள்வோம். ஏழு மணி நேரத்தில் 100. நாற்பத்தொன்பது மணியில், அதாவது இரண்டு நாளில், 10. இரண்டு வாரத்தில் 1. இந்த விதி காலத்தின் 1.2 அடுக்குக்குத் தலைகீழ் விகிதம் என்பதிலிருந்து வருகிறது. நம்பாதவர்கள் மடக்கை அட்டவணையை எடுக்கலாம். 7இன் மடக்கை 0.8451. அதை 1.2ஆல் பெருக்கினால் 1.0141. பத்துக்குச் சற்றே கூடுதலான எண்ணின் மடக்கை அது. தொகையீடு செய்து பார்த்தபோது இன்னொன்றும் விளங்கிற்று: முதல் மணிக்குப் பின் ஓரிடத்தில் வரவிருக்கும் மொத்தக் கதிர்ப்பில் பாதிக்கு மேல் முதல் இரண்டு நாளுக்குள்ளேயே வந்து தீர்ந்துவிடுகிறது. ஆகவே ஆண்டுக்கணக்கில் பாதாளத்தில் வாழ வேண்டியதில்லை. இரண்டு நாள் கட்டாயம். இரண்டு வாரம் இருந்தால் நன்று.

இரண்டாவது செய்தி, கனமான எந்தப் பொருளும் காமாக் கதிரைத் தடுக்கும் என்பது. கதிர்ப்பைப் பாதியாக்க 6 செ.மீ. காங்கிரீட் போதும், கெட்டித்த மண்ணானால் 9 செ.மீ. வேண்டும். 90 செ.மீ. மண், அதாவது மூன்றடி, பத்து முறை பாதியாக்கும். பத்து முறை பாதி என்றால் 1024இல் ஒரு பங்கு. ஈயமும் எஃகும் வேண்டாம்; காசில்லாமல் கிடைக்கும் மண்ணே கவசம்!

இந்த அடிப்படையில்தான் 1961இல் கென்னடி அரசு பழைய கட்டடங்களை எல்லாம் அளந்து, எது தூசிக்குத் தாங்கும் என்று கணக்கெடுத்துப் பலகை மாட்டத் தொடங்கியது. சுவிட்சர்லாந்து இன்னும் ஒரு படி மேலே சென்று, 1963 சட்டத்தின்படி குடிமக்கள் எல்லாருக்கும் பதுங்கிடம் என்று கட்டியது. லூசெர்ன் நகரில் 1976இல் ஒரு சாலைச் சுரங்கத்தையே இருபதாயிரம் பேர் தங்கும் புகலிடமாக ஆக்கினார்கள். 1987இல் ஒத்திகை பார்த்தபோது அதன் மாபெரும் கதவுகளில் ஒன்று சரியாக மூடவில்லையாம். பிற்காலத்தில் அந்த எண்ணிக்கையை இரண்டாயிரமாகக் குறைத்துவிட்டார்கள். செல்வ நாட்டின் கதவும் ஒத்திகை பார்த்த பிறகுதான் தன் குணத்தைக் காட்டுகிறது.

கரிசலில் குழி வெட்டலாமா?

மண்தான் கவசம் என்றால் நமக்கு மண்ணுக்கா பஞ்சம் என்று நானும் முதலில் மகிழ்ந்தேன். ஆனால் கரிசல் சாதாரண மண் அன்று. அதிலுள்ள மான்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் கை நுழையும் அளவுக்குப் பிளந்து கிடக்கும் நிலம் ஐப்பசி மழையில் குழைந்து காலை இழுக்கும். கோடையில் வெட்டிய குழியின் சுவர் அடைமழைக்கு நிற்காது. கல் வைத்துக் கட்டினால் நிற்கும்; அதற்கு ஆகும் செலவில் ஓர் அறையே கட்டிவிடலாம்.

ஆனால் குழி நமக்குப் புதிதன்று. ஆச்சியின் இளமையில் கம்மம்புல்லை மேடான இடத்தில் குழி வெட்டி, வைக்கோல் பரப்பிக் கொட்டி, மேலே மண் போட்டு மூடுவார்களாம். திறந்தவுடன் யாரும் இறங்க மாட்டார்கள். முதலில் கயிற்றில் கட்டி ஒரு விளக்கை இறக்குவார்கள். விளக்கு அணைந்தால் மனிதன் இறங்கக்கூடாது. தானியம் மூச்சு விட்டு ஆக்ஸிஜனைத் தின்றிருக்கும். பதுங்கு குழியிலும் இதே ஆபத்து உண்டு. தூசி புகுந்துவிடுமே என்று எல்லாத் துவாரங்களையும் அடைத்துவிட்டு ஐந்து பேர் உள்ளே இருந்தால், தூசிக்கு முன் மூச்சும் வெக்கையும் ஆளை வீழ்த்திவிடும். சன்னலில் கெட்டித் துணி கட்டினாலே பெருந்தூசி பெருமளவு நின்றுவிடும். காற்று வர வேண்டும்.

தமிழர்களில் பதுங்கு குழியோடு வாழ்ந்தே பழகியவர்கள் ஈழத்துத் தமிழர்கள். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வீட்டு முற்றத்திலேயே ‘பங்கர்’ வெட்டினார்கள். மேலே பனங்குற்றிகளை அடுக்கி, மண்ணும் மண்மூட்டையும் போட்டார்கள். மழைக்காலத்தில் உள்ளே தண்ணீர் ஏறும், பாம்பும் வரும். அவை விமானக் குண்டுக்கும் ஷெல்லுக்கும் வெட்டியவை. எனினும் பனைமரமும் மண்ணும் கொண்டு ஏழை மனிதன் கட்டக்கூடிய கூரை எது என்பதை அவை காட்டிவிட்டன. பனைக்கு நம் மாவட்டத்தில் குறைவில்லை.

குழி ஆகாது என்றபின் வீட்டை அளந்தேன். எங்கள் பழைய வீட்டுச் சுவர் ஒன்றரை அடி மண்சுவர். 45 செ.மீ. என்பது ஐந்து முறை பாதி. முப்பத்திரண்டில் ஒரு பங்கே உள்ளே வரும். ஆனால் கூரை ஓடு. அதன்மேல் விழும் தூசிக்கு ஓடு ஒரு தடையே அன்று. அடுத்த தெருவில் ஒரு புதிய காங்கிரீட் வீட்டை அளந்தேன். கூரை 12 செ.மீ.; இரண்டு முறை பாதி, நாலில் ஒரு பங்கு. சுவரோ ஒன்பது அங்குலச் செங்கல். ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. பழைய வீட்டுக்குச் சுவர் உண்டு, கூரை இல்லை. புதிய வீட்டுக்குக் கூரை உண்டு, சுவர் போதாது. சரி, காங்கிரீட் கூரைமேல் மூன்றடி மண்ணைக் கொட்டினால்? கன மீட்டர் மண் 1600 கிலோ என்று கொண்டால், சதுர மீட்டருக்கு 1440 கிலோ பாரம். மொட்டை மாடிக்குப் பொதுவாகக் கணக்கிடும் பாரம் 150 கிலோ. அணுத் தூசி வருமுன்னே கூரை வந்துவிடும். நாலங்குல மண்ணுக்கு மேல் அது தாங்காது. அதில் கிடைப்பது இன்னும் ஒரே ஒரு பாதிதான்.

எனவே வீடு வீடாகப் பார்ப்பதைவிட, ஊருக்கு ஒரு தடித்த கட்டடத்தைக் கண்டுபிடிப்பதே வழி. கோயில் கல்மண்டபம், பழைய பருத்திக் கிட்டங்கி, பள்ளிக்கூடத்தின் கீழ்த்தளத்து நடு அறை. வெளிச்சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் எவ்வளவு விலகியிருக்கிறோமோ அவ்வளவு நன்மை. சுவிட்சர்லாந்துச் சுரங்கத்தை நாம் கேட்க வேண்டாம். ஊராட்சி ஒன்றியம்தோறும் இத்தகைய கட்டடங்களின் பட்டியலைக் கேட்கலாம். அதைத் தமிழில் கேட்கலாம். 2009இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அணு விபத்து, கதிரியக்க விபத்து பற்றி விரிவான வழிகாட்டு நூல் வெளியிட்டது. நான் அதை ஆங்கிலத்தில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். எங்கள் தெருவில் வேறு யாரும் அப்படிப் படிக்கப் போவதில்லை.

எல்லாவற்றினும் கடினம் தண்ணீர். ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று கொண்டால், ஐந்து பேருக்கு இரண்டு நாளைக்கு 40 லிட்டர், மூன்று குடம். இரண்டு வாரத்துக்கு 280 லிட்டர், பத்தொன்பது குடம். குழாய்த் தண்ணீருக்காகக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் நம் பக்கத்துப் பெண்கள் இந்தப் பத்தொன்பதைக் கேட்டால் சிரிப்பார்கள். மூடிய பாத்திரத்துத் தண்ணீர் தூசியால் கெடாது. திறந்த ஊருணித் தண்ணீர் கெடும். ஆகவே மூடியுள்ள குடம் எத்தனை என்பதே ஒரு குடும்பத்தின் சிவில் பாதுகாப்பு என்று சொன்னாலும் தகும்.

கூடங்குளம் பற்றிச் சொல்லாமல் விட்டால் நண்பர்கள் கேட்பார்கள். கோவில்பட்டியிலிருந்து நேர்கோட்டில் அது சுமார் 110 கி.மீ. அணு உலை விபத்து வேறு, குண்டு வேறு. உலையிலிருந்து வெளிப்படக்கூடிய அயோடின்-131 எட்டு நாளுக்கு ஒருமுறையும், சீசியம்-137 முப்பது ஆண்டுக்கு ஒருமுறையும்தான் பாதியாகும். ஏழும் பத்தும் விதி அங்கே செல்லாது. அவசரகாலத் திட்டம் உலையைச் சுற்றி 16 கி.மீ. வரைக்கும், 2012 ஜூனில் நக்கனேரி கிராமத்தில் அதன் ஒத்திகை நடந்தது. தொலைவில் உள்ளவர்களுக்கு முதல் கவலை பால். மேய்ச்சல் நிலத்துப் புல்லில் படியும் அயோடின், மாட்டின் வழியே குழந்தையின் தைராய்டுக்குப் போகிறது. 1986இல் செர்னோபில் சுற்றுவட்டாரத்துக் குழந்தைகளுக்கு நேர்ந்தது அதுதான். ஆடும் மாடும் காட்டில் மேயும் நம் பகுதியில் இதைப் பால் கூட்டுறவுச் சங்கங்களுக்காவது யாரேனும் சொல்லி வைக்க வேண்டும்.

கணக்கெல்லாம் முடிந்தபின் ஆச்சியிடம் சென்று சொன்னேன். ஓட வேண்டியதில்லை, இரண்டு நாள் உள்ளேயே இருக்க வேண்டும், நம் பழைய வீட்டுச் சுவர் நல்ல சுவர், கூரைதான் சரியில்லை என்றேன். அரசு வீட்டுத் திட்டத்தில் பணம் வந்தால் அந்த வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று என் தந்தையார் ஓராண்டாகச் சொல்லிவருவது ஆச்சிக்குப் பிடிக்கவில்லை என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

“முப்பத்திரண்டுல ஒண்ணுன்னியே, அதை உங்கய்யாகிட்டயும் சொல்லு. காயிதத்துல எழுதியே குடு” என்றார் ஆச்சி.